கப்பல்காரர் திரும்பிப் பார்க்காத வருஷம்

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். சின்னவர்கள் யாராவது வந்து பழைய கதை கேட்பார்கள். நாம் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். எழுந்து போய்விடுவார்கள். மீதி நம் தொண்டையிலேயே நிற்கும். அப்படி நின்றுபோன மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

பாரிவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு எதிரே இப்போது ஒரு நகர் வந்திருக்கிறது. பெரிய கேட்டு, கேட்டில் வாட்ச்மேன், உள்ளே அடுக்கு வீடுகள், நடுவில் ஒரு சின்னப் பார்க்கு. ஒரு காலத்தில் அந்த இடம் முழுக்க மாந்தோப்பு. தோப்புக்குச் சொந்தக்காரர் நேவியில் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். யார் மூலமாகவோ இது அந்த நகர்க்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பெயரில் பார்க்கில் ஒரு கல் வைக்கப் போகிறோம் என்று அவர்கள் சங்கத்துச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், மரியாதையான பையன்தான்.

"பாட்டி, அவரை நேர்ல பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்களாம். எந்தக் கப்பலை ஓட்டினார்?"

"அவரு கப்பல் ஓட்டல தம்பி. கப்பல் வயித்துக்குள்ள எஞ்சின் பாத்துகினு இருந்தாரு."

"சண்டையில இருந்திருப்பாரே?"

"இருந்தாராம். அப்பவும் எஞ்சினாண்டதான்."

பையன் போனில் ஏதோ குத்திக்கொண்டான். "புயல்ல மாட்டினது, யாரையாவது காப்பாத்தினது, அந்த மாதிரி ஏதாச்சும்?"

"தம்பி, அவருக்குக் காது கேக்காது. எழுதுறதுன்னா அத்த எழுது."

சிரித்தான். "அதையெல்லாம் கல்லுல போட முடியாது பாட்டி" என்று எழுந்துகொண்டான். டீ கூட முழுக்கக் குடிக்கவில்லை.

கல்லில் போடாவிட்டால் போகட்டும்.

கப்பல்காரர் வந்தபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. எங்கள் ஜனம் அப்போது மற்றவர் நிலத்தில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் அறுப்பதுமாக இருந்தது. கப்பல்காரர் தெற்கத்தி ஆள். மனைவியும் அவருமாக வந்து ஓட்டு வீடு ஒன்று கட்டி, சுற்றிலும் மாங்கன்று நட்டு, முன்னால் ஒரு இரும்புக் கேட்டு போட்டார்கள். கேட்டுக்கு அருகிலேயே கிணறு. கிணற்றையொட்டி எஞ்சின் கொட்டகை. அந்தப் பக்கத்தில் குரூடாயில் எஞ்சின் வைத்த முதல் கிணறு அதுதான். தோல் பெல்ட்டு பளபளவென்று சுற்றும். புகைக்குழாய் வளையம் வளையமாகப் புகை விடும். அந்தப் புகை வாசம் என் பாவாடையில் ஏறிக்கொண்டு, துவைத்தாலும் போகாது. எனக்குப் பிடித்த வாசம் அது.

அம்மா அந்த வீட்டில் வாசல் பெருக்கிப் பாத்திரம் துலக்குவாள். வேலைக்காரர்கள் முன்கேட்டு வழியாகப் போவதில்லை, பின்னால் வேலியில் ஒரு சந்து இருந்தது. அது யாரும் சொல்லி வந்த சட்டம் இல்லை. அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது, இங்கேயும் அப்படியே நடந்துகொண்டோம். எங்கள் தெரு ஆம்பளைகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே நின்று, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "ஐயா" என்று கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து ஆபீசரம்மா வந்து என்ன ஏது என்று கேட்பார். கப்பல்காரர் வந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

அவரிடத்தில் பேசியது நான்தான். அம்மா பாத்திரம் துலக்குகிற நேரத்துக்கு எஞ்சின் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். நீண்ட மூக்கு வைத்த பித்தளை எண்ணெய்க்குப்பி ஒன்று வைத்திருந்தார். கொக்கு மாதிரி இருக்கும். பனியன் துணியால் அதைத் துடைத்துத் துடைத்து, பூஜைச் சாமானைப் போல வைத்திருப்பார். அதைத் தொட மட்டும் விடமாட்டார்.

"நீங்க கடலுக்கு நடுவுல போயிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னால வந்து சொல்லு பிள்ள" என்றார். முன்னால் போய் நின்று மறுபடியும் கேட்டேன். என் வாயையே பார்த்தார்.

"போயிருக்கேன். ஆனா பாத்தது கொஞ்சந்தான். நான் இருந்தது தண்ணிக்குக் கீழ. எந்த ஊருக்கு வந்திருக்கோம்னு மேல ஏறி வந்து பாத்தாத்தான் தெரியும்."

துண்டு துண்டாகத்தான் சொல்லுவார். மீசை முளைப்பதற்கு முன்னால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்கு ஓடியவர். நேவியில் சேர்ந்து, கொதிகலனுக்குத் தீனி போடுகிற இடத்தில் நின்றவர். அங்கே சட்டை போட முடியாதாம். உப்பைக் கரைத்துக் குடித்துக்கொண்டே வேலை செய்வார்களாம். ராத்திரி முழுக்க உழைத்து, பகலில் தூங்காமல் படித்து, பரீட்சை எழுதி, ஒவ்வொரு படியாக ஏறி ஆபீசர் ஆனாராம். வெள்ளை உடுப்பும் தொப்பியும் வந்தன. "உடுப்புதான் வெள்ளை. உட்கார்ந்த இடம் அதேதான்" என்றார். கொச்சி, விசாகப்பட்டணம், இன்னும் என் வாயில் நுழையாத வெளிநாட்டு ஊர்கள் எல்லாம் சொன்னார். எல்லா ஊருக்கும் ஒரே வாசம்தானாம், சூடான எண்ணெய் வாசம். பெரிய எஞ்சின்கள் பக்கத்தில் ஓடும்போது ஆளுக்கு ஆள் கையால்தான் பேசிக்கொள்வார்களாம். "இப்பவும் காதுக்குள்ள அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல் எண்ணெய்க்குப்பியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவருக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். தென்னை மட்டை ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் படாரென்று விழுந்தது. நான் அலறினேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னாலிருந்து பேசினால் பதில் வராது. முகத்தைப் பார்த்தால் பதில் வரும். முகம் பார்த்தும் புரியாமல் போனால் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவார். அதை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

அந்த வருஷம்தான் நைனா முதல்முதலாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். எங்கள் வம்சத்தில் யாரும் தன் கைப்பொறுப்பில் பயிர் வைத்ததில்லை. விளைந்தால் அடுத்த வருஷமும் நிலம் நைனாவிடத்தில் இருக்கும். விளையாவிட்டால் திரும்பவும் கூலி. ஆடியில் பெய்த மழையை நம்பி நாற்று விட்டார். பச்சைப் பட்டு விரித்தது போல் வந்தது. காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் நாற்றங்கால் பக்கம் போய் நிற்பார். சித்தப்பா கேலி செய்வார், "இன்னா அண்ணாத்தே, நாத்துக்கு முத்தம் குட்த்துட்டு வரியா?" என்று. நைனா சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் அப்புறம் பார்க்கவில்லை.

பிறகு வானம் வெறிச்சென்று ஆகிவிட்டது. ஏரியில் மாடு கட்டும் அளவுக்குத் தரை தெரிந்தது. மற்றக் கிணறுகளில் சகதி. கப்பல்காரர் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது, எஞ்சின் தினமும் ஓடியது. அவருடைய வாய்க்கால் எங்கள் நாற்றங்காலுக்கு மேலண்டையில்தான் போனது. மடையைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும், நாற்று பிழைத்துக்கொள்ளும். கேட்டால் கொடுப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஆபீசரம்மா ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் பம்பாய் போயிருந்தார்.

நைனாவும் சித்தப்பாவும் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. கப்பல்காரர் கொட்டகைக்கு வெளியே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வாழை நாரைக் கிழித்துக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்து கல் எறிகிற தூரம்கூட இல்லை. நைனா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஐயா."

அசையவில்லை.

"ஐயா, கும்புடுறேனுங்க."

நார்தான் கிழிந்தது. அப்போது பார்த்து எஞ்சின் இருமியது. ஒரு தடவை லேசாகத் தடுக்கி, உடனே சரியாகிவிட்டது, எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. கப்பல்காரர் நாரைப் போட்டுவிட்டு ஒரே தாவலாகக் கொட்டகைக்குள் ஓடினார்.

நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

"எஞ்சினு இருமினா ஓடுறான். மனுசன் தொண்ட வத்த கூப்டுறான், அது கேக்கல" என்றார் சித்தப்பா. "பெரிய ஆபீசரு. நம்மள மாதிரி ஆளு கொரலு அவங்காதுல பூராது."

"சித்தப்பா, அவருக்குக் காது கேக்காது" என்றேன்.

"இன்னாது?"

"நெசமா. காதுக்குள்ள எஞ்சின் ஓடுதுன்னு அவரே சொன்னாரு."

"காதுக்குள்ள எஞ்சினா? குரூடாயிலு எந்தாண்ட ஊத்துறாராம்?"

"எஞ்சின் சத்தம் அவருக்குக் காதுல வரல. கால்ல வருது. செருப்பைக் கயட்டிட்டுத்தான் உக்காருவாரு. நான் காதைப் பொத்திகினு நின்னு பாத்தேன், அந்தச் சிமெண்டுல குதிகால் வழியா வருது."

சித்தப்பா வழியெல்லாம் சிரித்தார். "கேட்டியா அண்ணாத்தே? கவர்மென்ட்டு செவுடனைப் புட்ச்சி ஆபீசராக்கி கப்பல்ல குந்த வெச்சானாம். காலால கேப்பானாம்."

நைனா சிரிக்கவில்லை. "நீ கம்முனு வா" என்றார் என்னிடம்.

உள்ளே போய்ப் பேசினால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "அவங்க ஊட்டு கேட்டாண்ட நின்னு கூப்டாச்சி. காதுல வியுந்தும் திரும்பலன்னா, அதுக்கு மேல கூப்டா அது பிச்ச" என்றாள். மறுநாளிலிருந்து அம்மா வேலைக்கும் போகக் கூடாது என்று நைனா சொல்லிவிட்டார்.

நாற்றின் நுனி மஞ்சளாக ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் வேலிச் சந்து வழியாகப் புகுந்து கப்பல்காரருக்கு முன்னால் போய் நின்றேன். "எங்க நைனா நாத்து காயுது, தண்ணி வேணும்" என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"இதை ஏன் முன்னாலயே யாரும் கேக்கல?" என்றார்.

"கேட்டாங்க. நீங்க திரும்பல."

அவர் முகம் சுருங்கியது. அந்த முகத்தை இப்போது நினைத்தால் எனக்குப் புரிகிறது, அப்போது கோபம் என்று நினைத்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திருப்பினார்.

தண்ணீருக்கு முன்னால் நான் ஓடினேன். வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு, வெடிப்புக்குள் குபுகுபுவென்று இறங்கி ஏறி, தண்ணீர் எனக்குப் பின்னால் வந்தது. காய்ந்த மண் நனைகிற வாசம் எனக்கு முன்னாலேயே போய்விட்டது போலிருந்தது. நைனா நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வந்துகினு கீது நைனா. நான்தான் போய்க் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு எழுந்து மண்ணை வெட்டி நாற்றங்கால் மடையை அடைத்துவிட்டார். காலால் மிதித்து இறுக்கினார். தண்ணீர் தயங்கி நின்று, கரையேறி, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியது. அந்தப் பள்ளத்தில் எருக்கஞ்செடி தவிர ஒன்றும் இல்லை.

"ஆம்பள கேட்டதுக்குத் திரும்பல. பொட்டப்புள்ள போய் பல்லக் காட்டினா தண்ணி வுடுறானா? ஊர்ல இன்னா சொல்வான், பொண்ண அனுப்பி வாங்கினான்னு சொல்வான்."

தண்ணீர் சேர்கிறதா என்று பார்க்கக் கப்பல்காரர் வாய்க்கால் ஓரமாகவே நடந்து வந்தார். மண் அடைத்திருப்பதைப் பார்த்தார். "ஏன், என்ன ஆச்சு?" என்றார்.

அவரைக் கண்டதும் நைனா என்ன செய்தார் தெரியுமா? எவ்வளவு கோபம் இருந்தாலும் பழக்கம் விடுமா? தோள் துண்டு கைக்கு வந்தது. அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்கள் முன்னால் எங்கள் ஆம்பளைகள் அப்படித்தான் பேசுவார்கள். துண்டுக்குள்ளிருந்து சொன்னார்:

"எங்களுக்கு எதுக்கு ஐயா தண்ணி? நாங்க காஞ்சி போற சாதி. காஞ்சே போறோம். உங்க மரத்துக்கே வுட்டுக்குங்க."

கப்பல்காரர் அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"ஆமா, ஆமா" என்றார்.

நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் கத்தினேன், "நைனா, துண்ட எடுத்துட்டுப் பேசு, அவருக்கு வாயி தெரியல." என் முதுகில் ஒரு அடி விழுந்தது. நைனா அதுவரை என்னை அடித்ததில்லை. இந்தப் பக்கம் திரும்பிக் கப்பல்காரரிடம் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அவர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம். அந்த முதுகிடம் நான் என்னவென்று சொல்வது?

மாலைக்குள் வாய்க்கால் நின்றுவிட்டது. அந்த வாரமே நாற்று கருகியது. கையால் தடவினால் பொரிகிற மாதிரி சத்தம் வந்தது.

மழை பிறகு பெய்தது, நன்றாகவே பெய்தது. அதற்குள் நிலம் வேறு கைக்குப் போய்விட்டது. நைனா அம்பத்தூர் பக்கம் தகடு அடிக்கிற ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஆபீசரம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தை மாதம் திரும்பி வந்தார். அம்மாவைக் காணோமே என்று எங்கள் தெருவுக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஆபீசரம்மா அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அவருக்குக் காதே கேக்காதே. அதனாலதானே காலத்துக்கு முன்னாலயே வேலையை விட்டு அனுப்பினாங்க. வெளியில சொன்னா கேவலம்னு சொல்ல விடமாட்டார். நான் ஊர்லேருந்து வந்ததும் எங்கிட்ட, அந்த ஆள் என்னவோ சொன்னான், தண்ணி போதும்னு சொல்றான்னு நெனச்சேன், அப்படின்னார். உள்ள வந்து தொட்டுக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பாரே."

"உள்ள எப்டிம்மா வர்றது?" என்றாள் அம்மா.

"கேட்டுக்குப் பூட்டே கிடையாதே" என்றார் ஆபீசரம்மா.

சாயங்காலம் நைனா வந்ததும் அம்மா சொன்னாள். நைனா காலைக் கழுவிக்கொண்டே கேட்டார். "செவுடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல அந்த ஆளு" என்றார்.

"நான் சொன்னேனே நைனா."

"நீ கொயந்த. நீ சொல்றத வெச்சிகினு போவ முடியுமா?"

துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு நைனா உள்ளே போய்விட்டார்.

பட்டறையில் நாள் முழுக்கத் தகட்டுக்கு நடுவில் நின்று நின்று, பிற்காலத்தில் நைனாவுக்கும் காது மந்தமாகிவிட்டது. வெளியே சொல்லமாட்டார். ஏதாவது கேட்டால் "ஆமா, ஆமா" என்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். சாகிறவரைக்கும் அவர் கப்பல்காரரைத் திட்டினார். ஒரு வார்த்தை போய்ப் பேசியதில்லை. கப்பல்காரரும் வந்து பேசியதில்லை. இரண்டு பேருக்கும் ரோஷம்தான் பெரிதாக இருந்தது. நாற்றுக்கு ரோஷமா தெரியும்? மாமரம் காய்க்கத் தொடங்கிய பிறகு அந்த வீட்டுக்காரர்கள் மகளோடு இருக்கப் பம்பாய் போய்விட்டார்கள். கொக்கு மூக்குக் குப்பி கொட்டகையிலேயே கிடந்தது. பழைய இரும்புக்காரன் ஒருத்தன் சாக்கில் போட்டு எடுத்துப்போனதைப் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல் வைத்துவிட்டார்கள். மைக்கு கட்டியிருந்தார்கள், எங்கள் தெரு வரைக்கும் பேச்சு கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் நானே போனேன். கேட்டு சாத்தியிருந்தது. வாட்ச்மேன் கொஞ்சம் தள்ளித் தண்ணீர் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். பாரிவாக்கத்து ஆள்தான், என் பெரிய மகன் வயது இருக்கும். வெளியே நின்று அவனைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

"யம்மா, யாரு ஊட்டுக்கு? நோட்டுல எழுதிட்டுப் போ."

நடந்தேன்.

"உன்னத்தாம்மா. இந்தாம்மா."

எனக்கு நன்றாகவே கேட்டது. காது எனக்கு இன்னும் போகவில்லை. திரும்பவில்லை. கல் பளபளப்பாக இருந்தது. மேலே ஒரு நங்கூரம் செதுக்கி, கீழே பெயர் போட்டிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அலைகளை வென்றவராம். சூடான எண்ணெயைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்த நங்கூரத்தை அவர் கழுவக்கூடத் தொட்டிருக்கமாட்டார்.

வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்து என் தோளைத் தொட்டான்.

"இன்னாம்மா நீ, எவ்ளோ நேரமா கூப்டுகினே கீறேன். காது கேக்காதா?"

"இப்ப கேட்டுதுப்பா" என்றேன். "இப்டித்தான் உள்ள வந்து தொட்டுக் கூப்புடணும்."